வண்டி இருக்குதுங்களே

விமானத்தின் இடைவழியில் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தபோது பணிப்பெண் என் முழங்கையைத் தொட்டாள். "பக்சிக், கழிப்பறை காலியாகத்தான் இருக்கிறது. வேறு ஏதாவது வேண்டுமா?" என்று மலாயில் கேட்டாள். பக்சிக் என்றால் பெரியவர், மாமா. எதுவும் வேண்டாம், கால் மரத்துவிட்டது என்றேன். "உட்காருங்கள், சாப்பாட்டு வண்டி வருகிறது" என்று சிரித்தாள். உட்கார்ந்தேன். அந்தப் பயணம் முழுக்க என்னை நடக்கவிடாமல் செய்தவை சாப்பாடும் வண்டியும்தான். அப்போது அது எனக்குத் தெரியாது.

நான் மலேசியாவில், தைப்பிங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். விளையாட்டுப் போட்டி அணிவகுப்புக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது என் வேலை. "கிரி, கானான், கிரி, கானான்" என்று மலாயில் இடது வலது சொல்லியே தொண்டை தேய்ந்தவன். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. ஒரே மகள் யமுனா. கோயம்புத்தூருக்கு இன்ஜினீயரிங் படிக்கப் போனவள், கூடப் படித்த நவீனைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். அவள் குழந்தைக்குக் காது குத்து. அதற்காகத்தான் இந்தப் பயணம்.

போன வருடம் என் இடது கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு இடது கால் இழுத்தது. ஈப்போவில் ஒரு சீன டாக்டரம்மா பார்க்கின்சன் நோய் என்றார். "மருந்து பாதி வேலைதான் செய்யும். மீதியை உங்கள் கால் செய்யவேண்டும். எந்த ஊருக்குப் போனாலும் தினமும் நடங்கள். நடக்காவிட்டால் உடம்பு நடையை மறந்துவிடும்" என்றார். அன்றிலிருந்து தினமும் காலையில் ஏரிப் பூங்காவைச் சுற்றி நடக்கிறேன். நடந்த நாளில் நான் பழைய வாத்தியார்தான். நடக்காத நாளில் பாதம் தரையில் ஒட்டிக்கொள்ளும். மனசு முன்னால் போகும், மார்பு முன்னால் போகும், பாதம் மட்டும் வராது.

யமுனாவிடம் சொல்லவில்லை. பிள்ளை பெற்றிருக்கிறாள், பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். பேத்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பிறகு போனில் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். அங்கே இருக்கும் நாட்களில் தினமும் ஒழுங்காக நடந்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. என் கணக்கு அவ்வளவுதான்.

கோயம்புத்தூர் விமான நிலையத்தில் எனக்காக இரண்டு கார்கள் நின்றன. சம்பந்தி பொன்னுசாமி மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருப்பவர். தாராபுரம் பக்கம் தோட்டமும் உண்டு. "வாங்க சம்பந்தி, வாங்க. பிரயாணமெல்லாம் சௌரியமுங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு கையில் என் பையையும் இன்னொரு கையில் என் முழங்கையையும் பிடித்துக்கொண்டார். காரின் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது.

பீளமேட்டில் அவர்கள் வீடு. போனவுடன் இலை போட்டார்கள். சந்தகையும் தேங்காய்ப்பாலும். எங்கள் ஊர் இடியாப்பத்தைவிட மெல்லியது, வாயில் வைத்ததும் கரைந்தது. சம்பந்தியம்மா சரஸ்வதி பக்கத்திலேயே நின்றார். "இன்னும் கொஞ்சம் வெக்கட்டுங்களாண்ணா? ஒண்ணுமே சாப்பிடலீங்களே" என்று, நான் நிறையச் சாப்பிட்ட பிறகும் சொன்னார்.

யமுனா குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். இனியா. நல்ல கனம். "அப்புச்சி வந்திருக்காங்க பாரு கண்ணு" என்றார் சரஸ்வதி. அம்மாவின் அப்பாவை இந்த ஊரில் அப்புச்சி என்பார்கள். என் இடது கை விரல்கள் தாமாக ஆடத் தொடங்கின. மறைக்க இடமில்லை. குழந்தை அதையே பார்த்தது. நான் விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்துப் பொக்கைவாய் திறந்து சிரித்து விரல்களை எட்டிப் பிடித்தது. பிடித்தவுடன் நடுக்கம் நின்றது. "உங்ககிட்ட நல்லா ஒட்டிக்கிச்சுப்பா" என்றாள் யமுனா.

மாலையில் பொன்னுசாமியின் அக்கா வந்தார். தன் பேரனுக்குப் பெண் பார்த்த கதையைச் சொன்னார். "சாதகமெல்லாம் பொருந்திருச்சுங்க. அப்பறம் விசாரிச்சா, பொண்ணோட அப்பனுக்குக் கை நடுங்குதாமுங்க. ரத்தத்துல வர்றதுங்கறாங்க. நாளைக்குப் பொறக்கற கொழந்தைகளுக்கு வந்தா ஆருங்க பாக்கறது? வேண்டாம்னு சொல்லிப்போட்டோம்."

"அதெல்லாம் அப்பிடி வராதுங்க அத்தை" என்றான் நவீன்.

"உனக்கென்ன தெரியும்? வராதுன்னு எழுதிக் குடுப்பாங்களா?"

என் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை என்று என் டாக்டரம்மாவும் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தப் "பெரும்பாலும்" என்ற வார்த்தையை இந்த அத்தையிடம் எப்படி விளக்குவது? யமுனா வேறு ஊர்க்காரி, தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டவள். அவளை இவர்கள் தாங்குகிறார்கள். அதில் என்னால் ஒரு கீறல் விழக்கூடாது.

மறுநாள் விடியற்காலையில் சத்தமில்லாமல் கதவைத் திறந்து வெளியே வந்தேன். தைப்பிங்கில் மழைமரங்களின் நிழலில் ஏரியைப் பார்த்துக்கொண்டே நடந்து பழகியவன். இங்கே நடைபாதை என்று இருந்தது சாக்கடைக்கு மேல் போட்ட கல் பலகைகள்தான். ஒன்று ஏறியிருந்தது, ஒன்று இறங்கியிருந்தது. அதன்மேல் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஓர் இளநீர்க் குவியல், வரிசையாகக் கார்கள். சாலையில் இறங்கினால் எதிர்த்திசையில் ஸ்கூட்டர்கள் வந்தன. பேக்கரி வாசலில் படுத்திருந்த நாய்கள் எழுந்து, என் நடையில் ஏதோ சரியில்லை என்று கண்டுகொண்டவை போலக் குரைத்தன. டாக்டர்களைவிட அவற்றுக்குச் சீக்கிரம் தெரிந்துவிட்டது.

ஒரு ஸ்கூட்டர் பக்கத்தில் வந்து நின்றது. "ஏனுங்க, பொன்னுசாமி அண்ணன் ஊட்டு ஒறம்பரைங்களா? எங்கீங்க நடந்து போறீங்க? உக்காருங்க, உட்டுட்டுப் போறேன்."

ஆமாம், அவர் சம்பந்திதான், சும்மா நடக்கிறேன் என்றேன்.

"சும்மாவுங்களா?" அவருக்குப் புரியவில்லை. தனியாக விட்டுப் போக மனமில்லாமல் வண்டியை உருட்டிக்கொண்டே என் கூட வந்தார். எதிரே வந்த பால்காரரும் நின்று விசாரித்தார். நான் திருப்பத்தை அடைவதற்குள் பொன்னுசாமியின் கார் வந்துவிட்டது. யாரோ போன் செய்திருக்கிறார்கள்.

"வண்டி இருக்குதுங்களே சம்பந்தி!" அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "ஒரு சத்தங் குடுத்தா வந்திருக்க மாட்டேனுங்களா? நாலு பேரு பாத்தா என்ன நெனைப்பாங்க, சம்பந்தியை ரோட்டுல நடக்க உட்டுட்டாங்கன்னு."

நடப்பது எனக்குப் பிடிக்கும் என்றேன். அவர் யோசித்தார். அடுத்த நாள் காலை என்னைக் காரில் ஏற்றி ரேஸ்கோர்ஸுக்கு அழைத்துப் போனார். நடப்பதற்குக் காரில் போவது அந்த ஊரில் யாருக்கும் வேடிக்கையாகப் படவில்லை.

ஆனால் ரேஸ்கோர்ஸ் நல்ல இடம். வட்டமான அகலமான பாதை, இரண்டு பக்கமும் பெரிய மரங்கள். கோயம்புத்தூரில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். எனக்கு முன்னால் போன இரண்டு பேர் நூல் விலையைப் பற்றி உரத்துப் பேசினார்கள். "ஏறுனா ஒரேயடியா ஏறுது, எறங்கறதே இல்லீங்க" என்று ஒருவர் சொல்ல, "என்ற சுகரும் அப்பிடித்தானுங்க" என்றார் மற்றவர். பொன்னுசாமி அருகம்புல் சாறு விற்கும் இடத்தில் நண்பர்களோடு நின்றுவிட்டார். நான் மட்டும் நடந்தேன். கிரி, கானான். கால் கேட்டது. கை தானாக வீசியது. காற்று குளிர்ச்சியாக இருந்தது. இந்த ஊரில் பிழைத்துக்கொள்வேன் என்று தோன்றியது.

பாதி வட்டத்தில் பொன்னுசாமி கார் சாவியோடு எதிரே வந்தார். பட்டறையிலிருந்து போன். "ஒரு மோட்டாரு மக்கர் பண்ணுதாமுங்க. போலாங்களா?"

அதற்குப் பிறகு ரேஸ்கோர்ஸ் கிடைக்கவில்லை. விருந்து தொடங்கிவிட்டது. தினம் ஒரு வீடு. பொள்ளாச்சி பக்கம் ஒரு வீடு, அவிநாசி பக்கம் ஒரு வீடு. காரில் ஏறு, இறங்கு, சோபாவில் உட்கார், இலையில் உட்கார், மறுபடியும் காரில் ஏறு. அரிசிம்பருப்பு சாதம் நெய் மணக்க இருந்தது. ஒப்புட்டு என்கிற போளி சூடாக வந்தது. நாட்டுக்கோழிக் குழம்பு காதுவரை உறைத்தது. எல்லாம் அன்பு. வேண்டாம் என்று சொன்னால் முகம் வாடுகிற அன்பு. எந்த வீட்டிலும் நான் நின்றால் நாற்காலி வந்தது, நாற்காலியில் இருந்தால் தலையணை வந்தது.

உடம்பு சிமெண்ட் போல இறுகத் தொடங்கியது. காலையில் சட்டைப் பொத்தான் போட வெகுநேரம் பிடித்தது. குளியலறையில் துண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்தேன். கம்பி கழன்று வந்தது. வாளி உருண்டது.

"அண்ணா! என்னாச்சுங்ணா?" வெளியே சரஸ்வதியின் குரல்.

"ஒண்ணுமில்லம்மா. சோப்பு விழுந்துடுச்சு."

சோப்பு விழுந்தால் வாளி உருளாது என்பது அவருக்குத் தெரியும். கேட்கவில்லை.

காது குத்துக்கு முந்தின நாள் குடும்பத்தோடு சென்னிமலைக்குப் போனோம். முருகனைக் கும்பிட்டுவிட்டுக் கீழே கடைவீதியில் எனக்குப் போர்வைகள் வாங்கித் தருவது அவர்கள் திட்டம். மேலே வரைக்கும் கார் போகும். அடிவாரத்தில் படிக்கட்டைப் பார்த்தவுடன் நான் இறங்கிவிட்டேன். "நான் படியில வர்றேன்" என்றேன். காருக்குள் பெரிய விவாதம் நடந்தது. கடைசியில் நவீனை எனக்குத் துணைக்கு அனுப்பினார்கள்.

பார்க்கின்சனில் ஒரு விசித்திரம் உண்டு. சமதரையில் ஒட்டிக்கொள்கிற கால் படிக்கட்டில் ஒட்டாது. ஒவ்வொரு படியின் விளிம்பும் ஒரு கோடு. அந்தக் கோட்டைக் கண் பார்த்தால் போதும், கால் தூக்கிக்கொள்ளும். நான் ஏறினேன். மண்டபங்களில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி ஏறினேன். குரங்குகளைத் தாண்டி ஏறினேன். மூச்சு ஒழுங்காக வந்தது. வியர்வை வந்தது. எத்தனையோ நாளாக எனக்கு வியர்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தால் நவீன் வெகு கீழே ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மாமா, சத்தியமா முடியலைங்க. நீங்க என்னத்தைத்தான் சாப்பிடறீங்க?"

"உங்க வீட்டுல போடறதைத்தான் மாப்பிள்ளை."

மேலே நின்று பார்த்தபோது கீழே சென்னிமலையின் ஓட்டு வீடுகளும் அதற்கு அப்பால் வெயிலில் மங்கிய வயல்களும் தெரிந்தன. காரில் வந்து எனக்கு முன்னால் நின்றிருந்த பொன்னுசாமி கைதட்டினார். யமுனா, "எங்கப்பா ஸ்போர்ட்ஸ் மாஸ்டர், சும்மாவா?" என்று மாமியாரிடம் சொன்னாள். அந்தப் பெருமையான முகத்தைப் பார்த்து நானும் என்னை நம்பிவிட்டேன். அதுதான் தப்பு. இறங்கும்போது காரில் ஏற்றிவிட்டார்கள்.

காது குத்து தாராபுரம் பக்கம் அவர்களுடைய குலதெய்வம் கோயிலில். பின் சீட்டில் நடுவில் என்னை நெருக்கி உட்காரவைத்து வெகுதூரம் போனோம். காற்றாலைகள் சோம்பலாகச் சுற்றின. வழியில் எங்காவது நிறுத்துங்கள், கொஞ்சம் கால் நீட்டுகிறேன் என்று சொன்னேன். "நேரமாயிருமுங்க, கோயில்ல போயி நல்லா நீட்டிக்கலாமுங்க" என்றார் பொன்னுசாமி. கோயிலுக்குப் போனால் காது குத்தும் ஆசாரி வரவில்லை. அவரைக் கூட்டிவர இன்னொரு காரை அனுப்பினார்கள். மற்ற சாமான்களோடு என் கைப்பையும் அந்தக் காரில் இருந்தது. மாத்திரை அந்தப் பையில் இருந்தது.

பந்தலில் நாற்காலி போட்டார்கள். எழுந்தால் யாராவது வந்து, "என்ன வேணுமுங்க, சொல்லுங்க, நாங் கொண்டாறேன்" என்றார்கள். ஒரு பெரியவர் என் தோளை மெல்ல அழுத்தி உட்காரவைத்தார். மாத்திரை சாப்பிட வேண்டிய நேரம் கடந்தது. காலையில் சாப்பிட்ட மாத்திரையின் வேகம் உடம்பைவிட்டு இறங்குவது எனக்குத் தெரிந்தது. முதலில் முகம் இறுகும். பிறகு விரல். பிறகு தோள். நாற்காலியில் இருந்தபடியே குதிகாலை ஏற்றி இறக்கினேன். இடது கால் ஏறவில்லை.

ஆசாரி ஒரு பைக்கில் தானாகவே வந்து சேர்ந்தார். அனுப்பிய கார் அவரைத் தேடிக்கொண்டு எங்கோ சுற்றிக்கொண்டிருந்தது.

"தாய்மாமன் மடியிலதானுங்க காது குத்தோணும்" என்றார் பொன்னுசாமியின் அக்கா. "தாய்மாமன் இல்லாததுக்கு அப்புச்சி தூக்கியாரட்டும். கோயிலச் சுத்தி வந்து உள்ளே உக்காரட்டும்."

யமுனா பட்டுப்பாவாடை கட்டிய குழந்தையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். அவள் முகம் அப்படிப் பூரித்திருந்தது.

"நான் உள்ளே போய் உட்கார்ந்துக்கறேன்மா. நீ சுத்தி வந்து மடியில வை."

"அட, நாலு எட்டுதானுங்க சம்பந்தி" என்றார் பொன்னுசாமி. "நேத்து மலையே ஏறிப்போட்டீங்க!" எல்லோரும் சிரித்தார்கள். மேளம் தொடங்கியது.

மேளம் இருந்தவரை ஒன்றும் ஆகவில்லை. அடிக்கு அடி கால் எழுந்தது. குழந்தை என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு மேளக்காரரைப் பார்த்தது. அதன் தலையில் சந்தன வாசம். கோயிலை முழுதாகச் சுற்றிவிட்டேன். சன்னிதி வாசலுக்கு வந்ததும் மேளத்தை நிறுத்தினார்கள்.

வாசல் குறுகல். உள்ளேயும் ஆட்கள், பின்னாலும் ஆட்கள். என் பாதங்கள் நின்றுவிட்டன. உடம்பு நிற்கவில்லை. நிலைப்படியை நோக்கி நான் சாய்வது எனக்கே தெரிந்தது. கையில் குழந்தை. ஒரு கையை விடுவித்து எதையாவது பிடிக்க வேண்டும், எந்தக் கை என்று புரியவில்லை. எதிரே நின்ற சரஸ்வதி பாய்ந்து குழந்தையைப் பறித்துக்கொண்டார். நான் கல்லில் விழுந்தேன். உதடு கிழிந்தது.

குழந்தை வீறிட்டது. ஆட்கள் என்னைத் தூக்கினார்கள். நிறுத்தினால் மறுபடியும் சாய்ந்தேன். வாயைத் திறந்தால் வார்த்தை குழறியது. பின்னாலிருந்து ஒரு குரல் தணிவாகக் கேட்டது.

"வெடியாலயே ஊத்தீட்டாருங்களாட்ட இருக்குது."

"பாரின்காரங்களுக்கு அதெல்லாம் தண்ணி மாதிரிங்க."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். யமுனா குழந்தையின் தலையை, கையை, காலைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். எங்கள் வீட்டுப் பேச்சில், மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டாள்.

"ப்பா. குடிச்சிருக்கீங்களா?"

அவளுக்குப் பின்னால் பொன்னுசாமியின் அக்கா நின்றிருந்தார். அவர் பார்வை என் முகத்தில் இல்லை. தொடையில் துடித்துக்கொண்டிருந்த என் இடது கையில் இருந்தது.

"கொஞ்சம் குடிச்சேன்" என்றேன், அவருக்கும் கேட்கும்படி.

நான் வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. யமுனாவுக்கும் அது தெரியும். அதனால்தான் அவள் முகம் அப்படி ஆயிற்று. என் மனைவி இறந்த பிறகு, தனியாக இருக்கும் வீட்டில், நான் இப்படி ஆகிவிட்டேன் என்று அவள் அந்தக் கணத்தில் ஒரு கதையைக் கட்டி முடித்துவிட்டாள். அது என் கண் முன்னாலேயே நடந்தது. அக்காவோ, "குடியா? சரி போச்சாது போங்க" என்று நிம்மதியாகத் திரும்பிப் போனார்.

பொன்னுசாமியே பேத்தியை மடியில் வைத்துக்கொண்டார். நான் பந்தலில் உட்கார்ந்து குழந்தையின் அழுகையைக் கேட்டேன். கார் திரும்பி வந்தது. பையைத் தேடி மாத்திரையை விழுங்கினேன். பந்தி நடந்துகொண்டிருக்கும்போது கால் இளகியது. எழுந்து நேராக நடந்து போய்க் கை கழுவினேன். அதைப் பார்த்தவர்களுக்குக் கடைசிச் சந்தேகமும் தீர்ந்திருக்கும். போதை இறங்கிவிட்டது.

மறுநாள் காலை பொன்னுசாமி என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை. "சம்பந்தி, நேத்து நடந்ததை மனசுல வெச்சுக்காதீங்க. எங்க பக்கமும் குடிக்காத ஆளு ஆருங்க இருக்கறாங்க? கொழந்தைக்கு ஒண்ணும் ஆகலீங்களே, அது போதுமுங்க." அத்தனை மரியாதையாக என்னை யாரும் அதுவரை அவமானப்படுத்தியதில்லை.

அவர் போன பிறகு சரஸ்வதி காபி கொண்டுவந்தார். டம்ளரைக் கொடுக்காமல் மேசைமேல் வைத்தார். நான் சிந்திவிடுவேன் என்று தெரிந்தவர் போல.

"கொழந்தையைப் புடுங்கறப்ப உங்க மூஞ்சிக்கிட்டயே இருந்தேனுங்ணா. வாசம் எதுவும் வரலீங்களே."

இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"உடம்புக்கு என்னங்ணா?"

சொல்லியிருக்கலாம். அந்த அம்மாள் நல்லவர். ஆனால் அவர் கணவரிடம் சொல்வார், கணவர் அக்காவிடம் சொல்லுவார். "ஒண்ணுமில்லம்மா. கொஞ்சமாத்தான் குடிச்சேன். அதான் வாசம் வந்திருக்காது."

டம்ளரை என் பக்கம் நகர்த்திவைத்தார். "காபி ஆறுதுங்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மீதி நாட்களில் நான் நன்றாக நடந்தேன். யாரும் தடுக்கவில்லை. காலையில் கதவைத் திறந்தால் யாரும் சத்தம் கேட்டு எழுந்து வரவில்லை. ஸ்கூட்டர்காரர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நிற்காமல் போனார். ஊருக்குள் செய்தி போயிருக்கும். கல் பலகைகளின் ஏற்ற இறக்கம் பழகிவிட்டது. நாய்களும் என்னைக் கண்டுகொள்வதில்லை. பேக்கரியில் டீ குடித்து, தேங்காய்ப்பன் தின்று, மறுபடியும் நடந்தேன். மாலையிலும் நடந்தேன். உடம்பு தெளிந்தது. கால் சொன்னபடி கேட்டது. அந்தக் காலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. யமுனா குழந்தையை அதற்குப் பிறகு என் கையில் கொடுக்கவில்லை. நான் கூடத்துக்கு வந்தால் பால் கொடுக்க வேண்டும் என்று உள்ளே தூக்கிக்கொண்டு போனாள்.

புறப்படும் நாள் நவீனும் பொன்னுசாமியும் பட்டறையில் இருந்தார்கள், சரஸ்வதி ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். வீட்டில் விட்டுவர ஆளில்லாமல் குழந்தையையும் தூக்கிக்கொண்டு யமுனாதான் விமான நிலையத்துக்கு வந்தாள். இறங்கியதும் டிரைவர் பெட்டியை வாசல்வரை தள்ளி வைத்துவிட்டுக் காரை எடுத்துப்போனார். கதவருகே பயணச்சீட்டு பார்க்கும் வரிசை நீண்டிருந்தது.

யமுனா என் சட்டைக் காலரைச் சரி செய்தாள். கையை எடுக்கவில்லை.

"ப்பா, அங்க போயிக் குடிக்காதீங்கப்பா. தனியா இருக்கீங்க. விழுந்தீங்கன்னா தூக்க யாருமே இல்ல."

அவள் குரல் உடைந்தது. அதை மறைக்கச் சட்டென்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டாள். கார் நிறுத்துமிடத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.

அந்த நொடியில் தீர்மானித்துவிட்டேன். சொல்லிவிட வேண்டும். அத்தை, ரத்தம், பரம்பரை, எதுவானாலும் ஆகட்டும். திரும்பினேன். திரும்பும் இடத்தில்தான் இந்த நோய் எப்போதும் பிடிக்கும். இரண்டு பாதமும் தரையில் ஒட்டிக்கொண்டன.

"யமுனா" என்று கூப்பிட்டேன். மைதானம் முழுக்கக் கேட்ட குரல் அது. நோய் அதையும் தின்றிருந்தது. எனக்கு முன்னால் நின்றவர்கூடத் திரும்பவில்லை.

கிரி, என்று மனசுக்குள் சொன்னேன். கானான். கால் அசையவில்லை. அவள் போய்க்கொண்டிருந்தாள். முதுகு நேராக, முதலில் குதிகால், பிறகு பாதம். தைப்பிங் பள்ளி மைதானத்தில் அந்த நடையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். பின்னால் ஒருவர் டிராலியால் என் காலை இடித்து, "போங்க சார், போங்க" என்றார். அவள் தோளுக்கு மேல் குழந்தையின் முகம் என் பக்கம் பார்த்தபடியே போனது. பிறகு ஒரு தூண் மறைத்தது.

காவலர் யாரிடமோ சைகை காட்டினார். சக்கர நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். என் முகத்தையும் காலையும் பார்த்தார்.

"ஏனுங்கய்யா, நடக்க முடியாதுங்களா?"

"முடியாது" என்றேன்.